கமா, முற்றுப்புள்ளி, என் மனைவி

நாற்பத்தாறு வயதில், ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, இனிமேல் நான் படிக்கும் புத்தகங்களைப் புரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். புத்தகம் படிப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. சட்டம், மருத்துவம், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய மூன்றில் மட்டும் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறேன். எங்கள் சட்டப் புத்தகத்தைத் தூக்க இரண்டு கை வேண்டும், திருப்பி வைக்க இன்னொரு ஆள் வேண்டும். மருத்துவப் புத்தகத்தைச் சாப்பிடும் முன்னால் திறக்கக் கூடாது. சாப்பிட்ட பின்னால் திறக்கவே கூடாது. காகிதத்தை மிச்சப்படுத்தி மரங்களைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லும் சுற்றுச்சூழல் புத்தகம் ஆயிரத்து நூறு பக்கம். இவை எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறேன். ஒரு வரிகூட எனக்குத் தெரியாது.

அது தொழிலின் குணம். புரூஃப் பார்ப்பவன் கண்ணுக்கு எழுத்துதான் தெரியும். கல்லீரல் என்று வந்தால் அதில் புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, சுழி உடைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அது உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது டாக்டரின் கவலை. தூக்குத் தண்டனை விதித்த தீர்ப்பைப் படித்துவிட்டு, வரிக்கு வரி இடைவெளி சரியாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து போயிருக்கிறேன்.

இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆசிரியர் எழுதிக் கொடுத்த மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். இன்னொருவர் அச்சுக்குப் போகிற புரூஃப் தாளைப் பார்த்துக்கொண்டே திருத்துவார். வாசிப்பவர் வார்த்தையை மட்டும் வாசித்தால் போதாது. கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே எனக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள். புரூஃப் பார்ப்பவன் மூலப்பிரதியை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதிலிருக்கும் பிழை கண்ணில் ஒட்டிக்கொள்ளும். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எனக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. தாள் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மேலாளர். அன்று முதல் சாயங்காலம் டீ குடித்ததும் என் மனைவி வாசிக்க, நான் பார்க்க ஆரம்பித்தோம்.

துணி மடித்துக்கொண்டே வாசிப்பாள். "வாதி கமா பிரதிவாதி ஆகிய இருவரும் அடைப்புக்குறி இனிமேல் தரப்பினர் எனப்படுவோர் அடைப்புக்குறி முடிந்தது" என்று, பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் சொல்கிற மாதிரி அலுப்பில்லாமல் போவாள். வாசித்து வாசித்து அது பேச்சிலும் ஏறிவிட்டது. வரும்போது சோப்பு கமா தீப்பெட்டி கமா ரெண்டு பல்பு வாங்கிட்டு வாங்க என்பாள். கோபம் வந்தால் "முற்றுப்புள்ளி, புதுப் பத்தி" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அந்தப் புதுப் பத்தி ஆரம்பமாவதற்குள் நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவது வழக்கம்.

நான் கவனிக்காமல் விட்டது ஒன்று. கண்ணால் பார்க்கிறவனுக்கு எழுத்து தெரிகிறது. வாயால் வாசிக்கிறவளுக்கு அர்த்தம் தெரிந்துவிடுகிறது. ஒன்பது வருடத்தில் அவள் மூன்று படிப்பைப் படித்து முடித்திருந்தாள். நான் கமா போட்டுக்கொண்டிருந்தேன்.

மாடி வீட்டுக் குழாயிலிருந்து எங்கள் கொடித் துணிமேல் தண்ணீர் சொட்டியபோது நான் மூன்று மாதம் முறைத்துப் பார்த்தேன். அவள் மாடிக்குப் போய்ச் சொத்துரிமைப் புத்தகத்தின் பதினோராம் அத்தியாயத்தைப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தாள். மறுநாள் குழாய் வேறு பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு வயிற்று வலி வந்து, குடல் புண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் படுக்கையில் விழுந்து அறிவித்தபோது, எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"அந்த இடத்துல குடலே இல்லீங்க. பெல்ட்டத் தளர்த்துங்க" என்றாள்.

தளர்த்தினேன். வலி போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், எலும்பு மருத்துவப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திடீரென்று வாசிப்பை நிறுத்தினாள்.

"ஏங்க, நாற்பதாம் பக்கத்துல இவருக்கு இடது முழங்கால்லதானே வலி?"

எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு முழங்காலிலும் எழுத்துப் பிழை இல்லை.

"இப்ப வலது முழங்கால அறுத்துத் தைக்கிறாங்க."

நான் புரூஃப் ஓரத்தில் 'இடதா, வலதா? கவனிக்க' என்று எழுதி, கீழே என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். ஒரு வாரம் கழித்து அந்தப் புத்தகத்தை எழுதிய டாக்டரிடமிருந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தன்னுடைய மானத்தையும் ஒரு முழங்காலையும் காப்பாற்றியவருக்கு நன்றி என்று எழுதியிருந்தார். மேலாளர் எல்லோருக்கும் கேட்கும்படி அதை வாசித்துக் காட்டினார். கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். உட்காரும்போது ஒரு சுற்றுப் பெருத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைப் பாதியில் வைத்தாள்.

"நான் சொன்னதுன்னு சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா?"

"சரி" என்றாள்.

என் மனைவியின் 'சரி'யில் பல ரகம் உண்டு. அந்த 'சரி' எந்த ரகம் என்று நான் அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அவள் எத்தனையோ இடங்களில் வாசிப்பை நிறுத்தினாள். ரத்தான சட்டப் பிரிவு ஒன்று உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தது. ஒரு அத்தியாயத்தில் அழிந்துபோன பறவை அடுத்த அத்தியாயத்தில் முட்டை போட்டது. நான் 'கவனிக்க, கவனிக்க' என்று எழுதி முதலெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். அலுவலகத்தில் எனக்குப் பெயரே 'கவனிக்க' என்று ஆகிவிட்டது.

இப்போது அந்த வியாழக்கிழமை. மேலாளர் என்னையும், என் பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டார். மேலாளருக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. எதன் வழியாக நம்மைப் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது. பக்கத்து மேஜைக்காரரை நாங்கள் அரைப்புள்ளி என்போம். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். பாதியில் நிறுத்தி, மீதியை நாமே புரிந்துகொண்டிருப்போம் என்று தலையாட்டுவார்.

மேலாளர் சொன்னது இது. வரவர புத்தகங்களில் எழுத்துப் பிழையைவிடப் பொருள் பிழை அதிகமாக இருக்கிறது. அதனால் பொருள் சரிபார்க்க என்றே ஒரு பிரிவு தொடங்கப் போகிறோம். தாழ்வாரக் கோடியில் பழைய பதிப்புகளை அடுக்கி வைத்திருக்கும் அறையை அதற்கு ஒழித்துக் கொடுக்கிறோம். வருகிற திங்கட்கிழமை காலை உங்கள் இருவருக்கும் ஒரு தேர்வு. மூன்று புத்தகத்திலிருந்து ஒவ்வொரு அத்தியாயம். அவற்றில் வேண்டுமென்றே பத்துப் பொருள் பிழைகளைப் புதைத்து வைத்திருப்போம். தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். வாசிக்க ஆள் கிடையாது.

தாழ்வாரக் கோடி அறைக்கு ஜன்னல் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருக்கிறது. நான் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பது இரண்டு சுவருக்கு நடுவே, ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே. மழை பெய்கிறதா என்பதை, வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்த ஜன்னல் எனக்கு வேண்டும்.

"உங்களுக்கு இது ஒண்ணும் கஷ்டமா இருக்காதே, கவனிக்க சார்?" என்றார் மேலாளர், எந்தக் கண்ணாடி வழியாகவோ.

"இருக்காது சார்" என்றேன். முதுகில் வேர்த்தது. அரைப்புள்ளி, அது வந்து நான்கூட ஒரு காலத்தில், என்று சொல்லித் தலையாட்டினார்.

அப்போதுதான் புத்தகங்களைப் புரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். கையில் மூன்றரை நாள் இருந்தது.

மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, சொல்லிக்கொடு என்று கேட்டால் தீர்ந்தது. ஆனால் சொன்னால் அந்த இரண்டு வருட முதலெழுத்தும் வெளியே வந்துவிடும். 'சொல்லாம இருப்பேனா' என்று கேட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆகவே ஒரு திட்டம் போட்டேன். அவளுக்குத் தெரியாமல் அவளிடமே படித்துவிடுவது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடித்து முடித்ததும், பழைய புத்தகம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒன்பது வருடமாக வாசிக்கிறாயே, உனக்கு இதெல்லாம் எவ்வளவு புரிந்திருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். ஒரு வாத்தியார் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

அவள் துணிக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"திடீர்னு என்னங்க பரீட்சை?"

"சும்மாதான்."

"ஆபீஸ்ல ஏதாவது விசேஷமா?"

"அங்க என்ன விசேஷம்? அதே டியூப் லைட்டு."

"சரி" என்றாள். "பதில் சொல்றேன். ஆனா நான் பேசிக்கிட்டிருந்தா இந்தத் துணிய யாரு மடிக்கிறது?"

நான் மடித்தேன். சாட்சியச் சட்டம் முடியும்போது துணி முடிந்திருந்தது. சனிக்கிழமை காலை மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டேன். பாத்திரத்தை யாரு கழுவுறது என்றாள். கழுவினேன். நிலத்தடி நீருக்கு ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். வனச் சட்டம் சிக்கலானது, அதற்குப் பரண் முழுவதையும் ஒழிக்க வேண்டியிருந்தது. பரணில் ஒரு பழைய மருத்துவ அகராதியின் பின்னால், எட்டு வருடத்துக்கு முன்னால் தொலைந்துபோன என் குடை கிடந்தது. இவ்வளவு வேலையையும் செய்துகொண்டே, ம், சரியாத்தான் சொல்றே, மேலே சொல்லு என்று இடையிடையே மார்க் போட்டேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். சட்டத்தைக் கண்டு பயப்படக் கூடாது, அது நாலு பேர் சண்டை, யாருக்கு யார் என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும் என்றாள். மருத்துவத்தில் முதலில் நோயாளியின் வயதைப் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றாள். சுற்றுச்சூழலில் எப்போதும் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பரண் ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது கீழேயிருந்து சொன்னாள்.

"படிக்கிறப்ப, அந்த ஆளு உயிரோட இருக்காரான்னு மொதல்ல பாருங்க. கமா எங்கயும் ஓடிப்போயிடாது."

"இத எதுக்கு எங்கிட்ட சொல்றே? நான்தானே உன்னைக் கேள்வி கேக்கிறேன்?"

"ஆமால்ல" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், கொஞ்சம் மெல்ல, "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமாங்க?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். உண்மையில் வாய் வரைக்கும் வந்தது. ஏணியின்மேல் நிற்கிறவன் அந்த மாதிரி விஷயங்களை ஒப்புக்கொள்வது உடம்புக்கு நல்லதில்லை என்று தோன்றியது.

"அந்தத் துடைப்பத்த எடுத்துக் கொடு" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஜன்னல் அறையில் என்னையும் அரைப்புள்ளியையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார்கள். அந்த அறைக்கு நேர் கீழே பைண்டிங் பிரிவு. புத்தகத்தின் முதுகைத் தட்டி நிமிர்த்துகிற இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு தரம் 'தொப்' என்று அடிக்கும், தரை அதிரும். வெளியே மரம் அசைந்துகொண்டிருந்தது. மூன்று அத்தியாயங்களை என் முன்னால் வைத்துவிட்டு மேலாளர் போனார்.

முதல் கால் மணி நேரத்தில் ஏழு பிழை கண்டுபிடித்தேன். ஏழும் கமா.

பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பரண், துணி, பாத்திரம் எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா? சட்ட அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். ஒரு பழைய வழக்கு. நான்காம் பக்கத்தில் சாட்சி மாரடைப்பால் இறந்திருந்தார். ஏழாம் பக்கத்தில் அதே சாட்சி குறுக்கு விசாரணைக்கு வந்து, தெளிவான குரலில் பதில் சொன்னார். அந்த 'தெளிவான குரலில்' என்பதற்குப் பின்னால் நான் ஒரு கமா போட்டிருந்தேன்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியம் எனக்குள்ளே போய் விளக்கேற்றியது. அதே வழக்கில் இரண்டு சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு மூன்றாவது சகோதரர் மேல்முறையீடு செய்திருந்தார். அதையும் பிடித்தேன். சுற்றுச்சூழல் அத்தியாயத்தில் தண்ணீரின் பின்னாலேயே போனேன். அடிவாரத்துத் தொழிற்சாலையின் கழிவு, மலை உச்சி ஏரியில் போய்க் கலந்துகொண்டிருந்தது. மூன்று. எழுந்து ஆடலாம் போலிருந்தது.

மருத்துவத்தில் வண்டி நின்றுவிட்டது. எத்தனை தடவை பார்த்தாலும் எழுத்துதான் தெரிந்தது. அவள் வாசித்துக் கேட்டால் தெரிந்துவிடும், எனக்கு நானே வாசித்தால் தெரியவில்லை. அவள் குரலில் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். மூலையிலிருந்து அரைப்புள்ளி, உங்களுக்கு ஏதாவது, என்று கேட்டுத் தலையாட்டினார்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனேன். வீட்டுக்குப் போன் செய்யாமல் அவளுடைய செல்லுக்குச் செய்தேன். நாலாவது தடவை மணி அடித்ததும் எடுத்தாள்.

"என்னங்க, இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. சும்மா உங்கிட்ட ஏதாவது வாசிக்கணும்போல ஆசையா இருந்துச்சு."

"ஆபீஸ்லருந்தா?"

"ஆசைக்கு ஆபீஸ் என்ன, வீடு என்ன? கேளு. நோயாளி நான்கு வயதுப் பெண் குழந்தை, முற்றுப்புள்ளி. ஆறு மாதமாக முதுகு வலி, முற்றுப்புள்ளி. நாள் முழுவதும் அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வது, கமா, மேலதிகாரியின் நெருக்குதல் ஆகியவை காரணமாக இருக்கலாம், முற்றுப்புள்ளி. எப்படி இருக்கு?"

 அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு மூச்சு கேட்டது. கீழே இயந்திரம் 'தொப்' என்று அடித்தது. அதே 'தொப்' போனுக்குள்ளேயும் கேட்டது. என்ன போன் இது, எதிரொலிக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் பாப்பா எந்த ஆபீஸ்ல வேலை பாக்குதாம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். ஆக, நான் கண்டுபிடித்தவை நான்கு. அதற்குமேல் என்ன செய்தும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேலாளர் வந்து தாள்களை வாங்கிக்கொண்டார். அரைப்புள்ளி ஒன்றே ஒன்று கண்டுபிடித்திருந்தார். அதையும் பாதிதான் எழுதியிருந்தார்.

எங்கள் இருவரையும் மேலாளர் தன் அறைக்கு அழைத்துப்போனார். அது ஜன்னல் அறைக்கு அடுத்த அறை. கதவைத் திறந்ததும், எதிரே இருந்த நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். விசேஷங்களுக்குக் கட்டுகிற பச்சைப் புடவை. மடியில் செல்போன். கையில் டீ.

இயந்திரம் கீழே 'தொப்' என்று அடித்தது. போனில் எந்தக் கோளாறும் இல்லை என்பது புரிந்தது. என்ன செய்ய, புரிந்துகொள்ளும் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்திருந்தது.

மேலாளர் மேஜைமேல் ஒரு பெரிய காகிதக் கட்டை வைத்தார். மூலப்பிரதிகள். இரண்டு வருடமாக, முதல் புரூஃபுக்கும் இரண்டாம் புரூஃபுக்குமாக நான் வீட்டுக்குக் கொண்டுபோய், அவள் அவிழ்த்து, அவள் வாசித்து, அவளே திருப்பிக் கட்டி, நான் கொண்டுவந்து சேர்த்த அதே கட்டுகள். எதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று இருபது வருடம் கர்வப்பட்டேனோ, அது. பாருங்க சார், இன்னைக்கு மட்டும் விதிய மீறலாம் என்றார்.

பார்த்தேன். நான் புரூஃபில் 'கவனிக்க' என்று எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் நேராக, மூலப்பிரதியின் ஓரத்தில் பென்சிலால், குண்டு குண்டான கையெழுத்தில் காரணத்தோடு ஒரு குறிப்பு இருந்தது. முதல் குறிப்பு முழங்கால். 'நாற்பதில் இடது, நாற்பத்தொன்றில் வலது. நோயாளியைக் கேட்டுவிட்டுத் தைக்கவும்.' அதன் கீழே மேலாளரின் சிவப்பு மையில் 'நீங்கள் யார்?' அதன் கீழே மறுபடி பென்சில். 'வாசிப்பவர்.'

அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் கேள்வியும் பதிலும். டாக்டரின் கடிதத்தின் நகல் ஒன்றுகூட உள்ளே இருந்தது, அவளுக்கென்று தனியாக நன்றி எழுதி. பொருள் சரிபார்க்கும் பிரிவுக்கு வர முடியுமா என்று மேலாளர் கேட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாள். பிறகு, வருகிறேன் என்று எழுதியிருந்தாள். இத்தனை தபாலையும் மழையில் நனையாமல் பையில் வைத்துச் சுமந்துகொண்டு போய்ப் போய் வந்தவன் நான்.

கட்டின் அடியில் தேர்வுக்கு வந்த மூன்று அத்தியாயங்களின் மூலப்பிரதி இருந்தது. செத்த சாட்சியைப் பென்சிலால் எழுப்பி உட்கார வைத்திருந்தார்கள். நான்கு வயதுப் பாப்பாவை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். குண்டு குண்டான கையெழுத்து.

"கேள்வித்தாள் நீயா?" என்றேன். 

"போன வாரம் நீங்கதான் கொண்டுவந்து கொடுத்தீங்க. நீங்கதான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தீங்க" என்றாள்.

நான் கேள்வித்தாள் எழுதியவளுக்கே போன் செய்து விடை கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் அவளுக்கு மூன்று நாள் மார்க் வேறு போட்டிருக்கிறேன்.

அப்படியானால் இந்தத் தேர்வு எதற்கு என்று கேட்டேன். மேலாளர் தலைக் கண்ணாடியை மூக்குக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலைக்கும் மாற்றினார். அம்மா பொருள் பார்ப்பார்கள், அவர்களுக்கு உரக்க வாசிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் கொஞ்சமாவது விஷயம் தெரிந்திருந்தால் நல்லது என்று அம்மாவே சொன்னார்கள், அதற்குத்தான் என்றார். மதிப்பெண்ணில் நான் முன்னால் இருந்தேன். அதோடு வாக்கியத்தை முடிக்காத ஆளை வாசிக்க வைக்க முடியாது என்று மேலாளரே நினைத்தாராம். அரைப்புள்ளி அதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு, எனக்கும் அதே, என்றார்.

திரும்பி வரும்போது படிக்கட்டில் ஒன்றாக இறங்கினோம்.  கடைசிப் படியில் நின்றேன்.

"நான் சொல்லல. உன் பேரச் சொல்லல. ரெண்டு வருஷமா" என்றேன்.

"தெரியும். மறுநாளே தெரியும். நன்றிக் கடிதம் வந்த நாள்லருந்து நீங்க தலையைக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நடந்தீங்க."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டேனே. மூணு தடவ. கடைசியா ஏணியில நிக்கிறப்ப. துடைப்பத்த எடுத்துக் கொடுன்னீங்க." புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "இப்பச் சொல்லிட்டீங்கல்ல. முற்றுப்புள்ளி."

புதுப் பத்தி என்று சொல்லவில்லை. அந்த நிம்மதியில் எனக்குப் பசித்தது.

இப்போது ஜன்னல் அறையில் உட்கார்ந்திருக்கிறோம். ஜன்னலோரம் அவள் நாற்காலி, கதவோரம் என்னுடையது. மரம் எனக்கும் பாதி தெரிகிறது. மழை பெய்தால் நானே பார்த்துக்கொள்கிறேன். காலை முழுக்க நான் வாசிக்கிறேன், அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், திடீரென்று கையைத் தூக்குகிறாள், நான் நிற்கிறேன். கமாவைச் சொல்ல மறந்தால் திட்டு விழுகிறது. மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம். சாயங்காலம் துணி மடிப்பது எனக்கே நிரந்தரமாகிவிட்டது, அதற்கு யாரும் தேர்வு வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், வாசிக்க வாசிக்க எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. போன வாரம் ஒரு இடத்தில் அவள் கை தூக்குவதற்கு முன்னாலேயே நான் நின்றுவிட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நன்றிக் கடிதத்துக்குக்கூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

இந்தக் கதையை மட்டும் அவளுக்குத் தெரியாமல் எழுதினேன். எழுதிய தாள்களை மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, டீ சொல்லக் கீழே போய்விட்டு வந்தேன். பத்தே நிமிடம். தாள்கள் இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே இருந்தன. பன்னிரண்டு மணி வரும் இடத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் மட்டும் ஒரு குறிப்பு:

'கண்டுபிடித்தவை நான்கு அல்ல, மூன்று. பாப்பா போனில் வந்தாள். கவனிக்க.'